பிரிந்து செல்பவர் நன்றி மறந்தவரா?

உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கலாகாது என்பது நம் முன்னோர் நமக்கு ஊட்டி வளர்த்த அறம். 'செஞ்சோற்றுக் கடன்' என்னும் ஒரே சொல்லுக்குள் ஒரு மனிதனின் வாழ்நாள் கடப்பாட்டையே அடக்கி வைத்தது நம் மொழி. வள்ளுவப் பெருந்தகையும் செய்ந்நன்றி அறிதலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். ஆகவே, தன்னை வளர்த்த இடத்தை விட்டு வேறிடம் செல்பவரைக் கண்டால் நம் நெஞ்சில் முதலில் எழுவது ஐயமே. 'இவர் நன்றி மறந்தவர்' என்று சொல்லிவிட நமக்கு நெடுநேரம் ஆவதில்லை.

இத்தீர்ப்பு எப்போதும் சரியானதுதானா? நிலைத்து நிற்பவரெல்லாம் பற்றுறுதி உள்ளவர்களா? பிரிந்து செல்பவரெல்லாம் அது இல்லாதவர்களா? இவ்வினாக்களை நாம் வெறும் கருத்துலகில் வைத்து ஆராய்வதைவிட, இன்று அவை அனல்பறக்க விவாதிக்கப்படும் ஒரு களத்தில் வைத்துப் பார்ப்பது நலம். அக்களம் அமெரிக்க நாட்டின் கல்லூரி விளையாட்டு. அங்கே கல்லூரிக் கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும் வெறும் பொழுதுபோக்கல்ல. ஊர்ப்பற்றும் குடும்ப மரபும் பெரும் வணிகமும் அவற்றில் பின்னிக் கிடக்கின்றன. நோத்ர் டாம், வில்லனோவா, ஜார்ஜ்டவுன், கொன்சாகா போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களும் அக்களத்தின் நடுவில் நிற்கின்றன. எனவே இவ்வினா திருச்சபைக்கு அயலான ஒன்றல்ல.

ஒரு சிறிய கல்லூரியின் கதை

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில், 1872-இல் தொடங்கப்பெற்ற புனித பேதுரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இயேசு சபைத் துறவியரின் நிறுவனம் அது. பெருஞ்செல்வமும் பெரும்புகழும் இல்லாதது. ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் நடைபெறும் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் 68 அணிகள் கலந்துகொள்கின்றன. நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்திலும் 1 முதல் 16 வரை அணிகளுக்குத் தரவரிசை தரப்படுகிறது. 2022-இல் புனித பேதுரு அணி தன் மண்டலத்தில் 15-ஆம் இடத்தில் வைக்கப்பட்டது. அதன் முதல் எதிரி 2-ஆம் இடத்திலிருந்த கென்டக்கி. கென்டக்கியின் பயிற்றுநர் ஓராண்டில் பெற்ற ஊதியம், புனித பேதுருவின் முழு அணிக்கும் ஆகும் ஆண்டுச் செலவைப் போலப் பலமடங்கு.

ஆயினும் கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் 85-79 என்ற கணக்கில் சிறியவரே வென்றனர். அடுத்து மர்ரே மாநிலப் பல்கலைக்கழகத்தை வென்றனர். பிலடெல்பியா நகரில் பர்டியூ அணியை 67-64 என்று வீழ்த்தியபோது, அப்போட்டியின் வரலாற்றிலேயே கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்த முதல் 15-ஆம் நிலை அணி என்னும் பெருமை அவர்களுக்கு வாய்த்தது. வட கரோலினாவிடம் தோற்றபோதுகூட நாடே அவர்களைக் கொண்டாடியது. தாவீதையும் கோலியாத்தையும் எடுத்துக்காட்டாதவர் அன்று இல்லை.

அதன்பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. தோல்வி நேர்ந்த சில நாள்களிலேயே பயிற்றுநர் ஷஹீன் ஹாலோவே, அதே மாநிலத்தில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுச் சென்றார். அதுவும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமே. புனித எலிசபெத் ஆன் சீட்டனின் பெயரைத் தாங்கியது. அவர் மாணவராயிருந்து விளையாடிய இடமும் அதுதான். அடுத்த வாரங்களில் அணியின் முதன்மை வீரர்களுள் பெரும்பாலோர் திசைக்கொருவராகப் பிரிந்தனர். ஒருவர் பயிற்றுநரைப் பின்தொடர்ந்தார். இன்னொருவர் பிரான்சிஸ்கு சபை மரபில் வந்த புனித பொனவெந்தூர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மார்ச்சு மாதத்தில் ஒரே உடலாய் ஓடிய அணி, கோடை வருமுன் இல்லாமற் போயிற்று. வெற்றியே அவர்களைச் சிதறடித்தது எனலாம். தோற்றிருந்தால் அவர்களை யார் அழைத்திருப்பர்?

இதில் யார் குற்றவாளி? அக்கல்லூரியை நேசித்த ஒருவர் கண்ணீர் விட்டிருந்தால் அக்கண்ணீர் பொய்யன்று. ஆனால் கண்ணீர் மெய்யானது என்பதாலேயே பிரிந்தவர் பழிக்குரியவராகிவிடுவாரா?

பூட்டிய கதவு

இதற்கு விடை காண, முன்பிருந்த நிலையை அறிதல் வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு 1906-இல் தோன்றியது. கால்பந்து, கூடைப்பந்து முதலிய முதன்மை ஆட்டங்களில் ஒரு மாணவர் கல்லூரி மாறினால், புதிய இடத்தில் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அது நெடுங்காலம் விதித்திருந்தது. 2018-க்கு முன், உதவித்தொகையுடன் வேறு கல்லூரிக்குச் செல்ல விரும்பும் மாணவர், அக்கல்லூரியோடு பேசுவதற்கே தம் கல்லூரியின் இசைவைப் பெறவேண்டியிருந்தது. 'படிப்பில் நிலைபெறுவதற்காக' என்று அந்த ஓராண்டுத் தடைக்குக் காரணம் சொல்லப்பட்டது. அக்காரணத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அந்த விதி ஒரு பக்கத்தை மட்டுமே கட்டியது என்பதை மறைக்க இயலாது.

1973 முதல் விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிப்பதும் விடுவதும் கல்லூரியின் கையில் இருந்தது. பல்லாண்டு உதவித்தொகைக்கு மீண்டும் இடம் கிடைத்தது 2012-இல்தான். அதாவது, மாணவர் நான்கு ஆண்டுகள் பற்றுறுதியோடு இருக்க எதிர்பார்க்கப்பட்டார். கல்லூரியோ ஓராண்டுக்கு மேல் அவருக்கு வாக்களிக்கவில்லை.

இன்னும் ஆழமான காயம் ஒன்றும் உண்டு. 1955-இல் கொலராடோ மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஓர் இளைஞர் இறந்தார். அவருடைய கைம்பெண் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டு முறையிட்டார். 1957-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை மறுத்தது. அக்காலத்தில்தான் 'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் சொல்லாட்சியை என்.சி.ஏ.ஏ. விடாப்பிடியாகப் பரப்பிற்று. 1951 முதல் 1987 வரை அவ்வமைப்பின் தலைமை நிர்வாகியாயிருந்த வால்டர் பையர்ஸ், ஆடுபவரைப் பணியாளர் என்று நீதிமன்றங்கள் கருதிவிடாதபடி காப்பதற்கே அச்சொல் உருவாக்கப்பட்டது என்பதைத் தம் முதுமையில், 1995-இல் வெளியிட்ட நூலில் தாமே எழுதினார். அழகான ஒரு சொல், ஒரு விதவையின் கைக்கு எட்டவேண்டிய உரிமைக்கு எதிராகவும் நிற்கக்கூடும் என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். 'குடும்பம்', 'பாசம்', 'பற்றுறுதி' ஆகிய சொற்களும் அவ்வாறே பயன்படக்கூடும்.

பெரியவர்களின் நடமாட்டம்

மாணவர்களின் கதவு பூட்டியிருந்த அக்காலமெல்லாம் பயிற்றுநர்களின் கதவு திறந்தே இருந்தது. 2021 நவம்பர் இறுதியில், நோத்ர் டாம் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்றுநர் பிரையன் கெல்லி லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல இசைந்தார். அவருடைய அணி 11 வெற்றிகளும் ஒரே தோல்வியுமாய், இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகும் நம்பிக்கையோடு காத்திருந்த நேரம் அது. அவருக்கு 10 ஆண்டுகளுக்கு 9 கோடியே 50 இலட்சம் டாலர் பேசப்பட்டது. அவர் ஓராண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அந்தப் பத்தாண்டு ஒப்பந்தத்தின் முடிவையும் சொல்லிவிடுவது நேர்மை: 2025 அக்டோபரில், நான்காம் பருவத்தின் நடுவிலேயே, அந்தப் பல்கலைக்கழகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. எந்த அளவையால் அளந்தாரோ அந்த அளவையாலேயே அவருக்கும் அளக்கப்பட்டது.

கல்லூரிகள் மட்டும் நிலைத்து நின்றனவா? பசிபிக் கடற்கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 1915-இல் வேர்கொண்ட ஒன்று. தொலைக்காட்சி வருவாய் பெரிதாகக் கிடைக்கும் வேறு கூட்டமைப்புகளை நாடி, அதிலிருந்த 12 பல்கலைக்கழகங்களுள் 10 பல்கலைக்கழகங்கள் 2024-இல் பிரிந்து சென்றன. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் ஒரகன் மாநிலப் பல்கலைக்கழகமும் தனித்து விடப்பட்டன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு இன்று 'அட்லாண்டிக் கடற்கரை' என்னும் பெயருடைய கூட்டமைப்பில் இருக்கிறது. பெயரிலேயே ஒரு நகைப்பு ஒளிந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் நியூ ஜெர்சி வரை பறந்து சென்று ஆடித் திரும்பி, மறுநாள் வகுப்பில் அமரவேண்டும். நூற்றாண்டு உறவை ஒரு கையொப்பத்தால் முறித்தவர்கள், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் ஊர் மாறினால் 'இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பற்றில்லை' என்று சொல்லத் தகுதி உடையவர்களா?

திறந்த கதவு

2018 அக்டோபரில் கதவு சற்றே திறந்தது. 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்னும் கணினிப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. மாறிச் செல்ல விரும்பும் மாணவர் தம் கல்லூரிக்குத் தெரிவித்தாற் போதும். இரண்டு வேலை நாள்களுக்குள் கல்லூரி அவர் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும். பிற கல்லூரிகள் அவரோடு பேசலாம். இசைவு கேட்கும் நிலை மாறி, அறிவிக்கும் நிலை வந்தது. 2021-இல், எல்லா ஆட்டங்களிலும் ஒருமுறை மட்டும் ஓராண்டுத் தடையின்றி மாறலாம் என்றாயிற்று. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டரசு நீதிமன்றம் எஞ்சிய தடையையும் நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரல் முதல், படிப்பில் தகுதி காக்கும் எவரும் எத்தனை முறையும் மாறி உடனே ஆடலாம்.

இதே காலத்தில் பணமும் நுழைந்தது. 2021 ஜூலை முதல், மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து பொருள் ஈட்டலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் ஒரு கூட்டரசு நீதிபதி ஏற்ற உடன்பாட்டின்படி, முன்னாள் வீரர்களுக்கு 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் வழங்கப்படவேண்டும். ஒவ்வொரு பெரிய கல்லூரியும் தன் வருவாயிலிருந்து முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை மாணவ வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம்.

இத்திறப்பினால் விளைந்த நன்மையை முதலில் சொல்வோம். கொடுஞ்சொல் பேசும் பயிற்றுநரிடம் சிக்கியவர் விடுதலை பெற்றார். நோயுற்ற தாயின் அருகில் இருக்க விரும்பியவர் ஊர் திரும்பினார். திறமை இருந்தும் கண்டுகொள்ளப்படாதவர் கண்டுகொள்ளப்பட்டார். காம் வார்ட் என்னும் கால்பந்து வீரரைப் பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அழைக்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் அருட்சகோதரியர் 1881-இல் நிறுவிய, மனுவுருவான வார்த்தையின் பெயர் கொண்ட சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகமே அவருக்கு இடம் தந்தது. அங்கிருந்த பயிற்றுநர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது வார்டும் அங்கே சென்றார். ஓராண்டில் அப்பயிற்றுநர் வேறிடம் போய்விட்டார். வார்டோ இன்னும் ஓராண்டு அங்கேயே ஆடினார். பிறகு அக்கல்லூரியின் கூட்டமைப்பே சிதைந்துகொண்டிருந்த வேளையில் மயாமிக்குச் சென்றார். 2025-இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிந்துகொண்டபோது முதலாவதாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் அவரே. இவர் இருமுறை பிரிந்தவர். ஆனால் கூர்ந்து நோக்கின், இவரைச் சுற்றியிருந்த பெரியவர்களைவிடக் குறைவாகவே பிரிந்தவர்.

தீமையையும் மறைக்கலாகாது. பருவம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் சந்தையாகிறது. தம் அணியில் இருப்பவரையே பயிற்றுநர்கள் ஆண்டுதோறும் புதிதாக அழைத்து, பேரம் பேசி நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிறிய கல்லூரிகள் நாற்றங்கால்களாகின்றன. நாற்று வளர்ந்ததும் பிடுங்கி நடுபவர் வேறொருவர். பள்ளி முடித்துவரும் இளையோர்க்குரிய இடங்களைப் பட்டறிவு மிக்க மூத்தோர் நிரப்புகின்றனர். பதிவேட்டில் பெயர் எழுதிய அனைவருக்கும் மறுகரை கிடைப்பதில்லை. விட்டுவந்த இடமும் போய், புது இடமும் வாய்க்காமல் நடுவில் நிற்போர் பலர். கற்ற பாடங்களுள் சிலவற்றைப் புதிய கல்லூரி கணக்கில் கொள்ளாததால் பட்டம் தள்ளிப்போகிறவர்களும் உண்டு. நட்சத்திர வீரரின் செய்தியே நாளிதழில் வருகிறது. இவர்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை.

ரூத்தும் ஓர்பாவும்

இங்கே விவிலியத்தின் சிறிய நூல் ஒன்று நமக்கு ஒளி தருகிறது. ரூத்தின் நூலை நாம் பற்றுறுதியின் காவியமாகப் போற்றுகிறோம். திருமணத் திருப்பலிகளிலும் அதை நினைவுகூர்கிறோம். ஆனால் ரூத்து நகோமியைப் பற்றிக்கொண்டதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கணவனையும் இரு புதல்வரையும் இழந்து, கைவிடப்பட்ட முதியவளாய் நின்ற நகோமி, தன் மருமக்கள் இருவரையும் கட்டிவைக்க முயலவில்லை. அவர்கள் தனக்குச் செய்த நன்மையை நினைந்து ஆசி கூறி, உங்கள் தாய் வீட்டுக்குத் திரும்புங்கள் என்று அவளே வற்புறுத்தினாள். கதவை அவளே திறந்தாள்.

ஓர்பா அழுதாள், மாமியை முத்தமிட்டாள், திரும்பிச் சென்றாள். திருநூலாசிரியர் அவளைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் எழுதவில்லை. ரூத்து மட்டும் நின்றாள். அவள் நின்றது பெரிதாயிற்று. ஏன்? அவள் போயிருக்கலாம் என்பதனால். போவதற்கு வழியே இல்லாதிருந்தால் ரூத்தின் செயலில் போற்றுதற்கு என்ன இருந்திருக்கும்? பூட்டிய அறையில் இருப்பவரை நாம் பற்றுறுதி உள்ளவர் என்பதில்லை.

நம் ஆண்டவரும் இவ்வாறே செய்தார். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், அவருடைய போதனை கடினமானது என்று சீடர் பலர் விலகிச் சென்றனர். எஞ்சிய பன்னிருவரை அவர் அச்சுறுத்தவில்லை. நன்றிக்கடனை நினைவூட்டவும் இல்லை. நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்று வினவினார். பேதுருவின் விடை பிறந்தது அந்தத் திறந்த கதவின் முன்புதான். ஜெர்சி நகரக் கல்லூரி தாங்கியிருப்பது அந்தப் பேதுருவின் பெயர் என்பது நம் நினைவுக்கு வருகிறது.

எனவே நாம் துணிந்து சொல்லக்கூடியது இது: இந்தப் புதிய ஏற்பாடு கல்லூரி விளையாட்டில் பற்றுறுதியை அழித்துவிடவில்லை, பற்றுறுதிக்கு இப்போதுதான் இடம் அமைந்திருக்கிறது. முன்பு இருந்தவற்றுள் பெரும்பகுதி விதியின் வலிமையே. அதை நாம் பற்றுறுதி என்று தவறாகப் பெயரிட்டு அழைத்தோம். இன்று நான்கு ஆண்டுகளும் ஒரே கல்லூரியில் நின்று ஆடும் இளைஞரும் நங்கையும், அழைப்புகள் வந்தும் நிற்கிறார்கள். அவர்கள் நிற்பது ரூத்து நின்றதற்கு ஒப்பானது.

மகாபாரதத்துக் கர்ணனை நாம் இங்கு எண்ணிப் பார்க்கலாம். செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரையே ஈந்த அவனைத் தமிழ் மக்கள் நெஞ்சில் வைத்து வணங்குகின்றனர். ஆயினும் அவன் பெற்ற உதவி, அநீதியை அநீதி என்று சொல்லி விலகும் உரிமையையும் அவனிடமிருந்து பறித்துக்கொண்டது அல்லவா? கொடுத்தவர் திரும்பக் கேட்கும்போது கொடை கடனாகிவிடுகிறது, கடன் விலங்காகிவிடுகிறது. நன்றி என்பது பெற்றவர் தாமாக உணர்வது. கொடுத்தவர் அதைக் கணக்கெழுதி வசூலித்தால் அது நன்றியன்று.

ஒப்பந்தமா, உடன்படிக்கையா?

நம் மறைக்கல்வி ஒப்பந்தத்தையும் உடன்படிக்கையையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. ஒப்பந்தத்தில் இருவரும் தத்தம் நலனைப் பாதுகாத்துக்கொள்கின்றனர். நலன் முடிந்தால் உறவும் முடிகிறது. உடன்படிக்கையில் ஒருவர் மற்றவருக்குத் தம்மையே தருகிறார். சீனாய் மலையின் உடன்படிக்கையில் முதலில் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டவர் வலியவராகிய இறைவனே என்பதை மறத்தல் ஆகாது. எளியவரிடம் பற்றுறுதி கேட்பதற்கு முன் வலியவர் அதைக் காட்டவேண்டும். இதுவே விவிலியத்தின் ஒழுங்கு.

நல்லாயன் உவமையிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். ஓநாய் வரும்போது ஓடிவிடுகிறவன் கூலிக்கு மேய்ப்பவன். அங்கே குற்றம் சாட்டப்படுவது ஆடுகள் அல்ல. கல்லூரி நிர்வாகமும் பயிற்றுநரும் தமக்கு ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, மாணவருக்கு மட்டும் உடன்படிக்கையைப் போதிப்பது அறமாகாது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், முதலைவிட உழைக்கும் மனிதனே முதன்மையானவன் என்று நிலைநாட்டினார். இளமையில் மலையேற்றத்தையும் பனிச்சறுக்கையும் விரும்பிய அத்திருத்தந்தையின் போதனையை விளையாட்டுக் களத்துக்குள்ளும் கொண்டுவருதல் தகும். ஆட்டம் மனிதருக்காக, மனிதர் ஆட்டத்துக்காக அல்ல.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். போகும் உரிமை உண்டு என்பதால் போவதெல்லாம் நன்று என்றாகிவிடாது. நிலைத்து நிற்பவருக்கு மட்டுமே கிடைக்கும் நன்மைகள் சில உண்டு. முதலாண்டில் ஓரத்து இருக்கையில் அமர்ந்து மூத்தோருக்கு நீர் எடுத்துத் தந்தவர், நான்காம் ஆண்டில் இளையோருக்குக் கற்றுத்தருகிறார். அந்த வளர்ச்சிக்குக் குறுக்குவழி இல்லை. தோல்வியைச் சேர்ந்து சுமந்தவரிடையே எழும் நட்பை விலைக்கு வாங்க முடியாது. புனித பெனடிக்டு தம் துறவியரிடம் கேட்ட வார்த்தைப்பாடுகளுள் ஒன்று, ஒரே இல்லத்தில் நிலைத்திருத்தல். மடத்துக்கு மடம் அலைந்து, எங்கும் சில நாள் விருந்துண்டு, எங்கும் வேரூன்றாத துறவியரைப் பற்றி அவர் தம் ஒழுங்குநூலின் முதல் அதிகாரத்திலேயே எச்சரித்தார். பிறரிடம் உள்ள குறைகளைக் கண்டு இடம் மாறிக்கொண்டே இருப்பவர், தம் குறையை ஒருநாளும் சந்திப்பதில்லை என்பதை அம்மாமுனிவர் அறிந்திருந்தார். ஆனால் அந்த வார்த்தைப்பாடு இருபக்கத்தையும் கட்டியது என்பதையும் கூறவேண்டும்: துறவி இல்லத்தைக் கைவிடுவதில்லை, இல்லம் நோயுற்ற, முதிர்ந்த துறவியைக் கைவிடுவதில்லை.

ஆகவே பிரிந்து செல்ல நினைக்கும் இளையவர் தம்மைத் தாமே கேட்கத்தக்க வினாக்கள் மூன்று என நாம் கருதுகிறோம். எதை விட்டு ஓடுகிறேன் என்பதன்று, எதை நோக்கிச் செல்கிறேன்? நான் போவதால் சுமை கூடப்போவது யாருக்கு? நான் எவ்வாறு பிரிகிறேன்? இம்மூன்றாம் வினாவைச் சிறிதென்று தள்ளலாகாது. ஓர்பா முத்தமிட்டுச் சென்றாள். கணினிப் பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு, உடன் ஆடியவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் போவது வேறு; முகம் பார்த்து, கைபற்றி, நன்றி சொல்லிப் பிரிவது வேறு. முன்னது சரக்கு இடம் மாறுவது. பின்னது மனிதர் பிரிவது.

நின்ற ஒருவர்

இறுதியாக இன்னோர் அணியை நினைவுகூர்வோம். 2018-இல் சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகம், 11-ஆம் நிலையில் இருந்துகொண்டே கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்து எல்லாரையும் வியக்கவைத்தது. ஒற்றுமைக்குப் பேர்போன அந்த அணியின் தூண்களுள் ஒருவர் கிளேட்டன் கஸ்டர். அவர் அங்கே தொடங்கியவர் அல்லர். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இருந்துவிட்டு, சிறுவயது முதல் தம்மோடு ஆடிய நண்பர் பென் ரிச்சர்ட்சன் இருந்த லொயோலாவுக்கு மாறிவந்தவர். அன்றைய விதிப்படி ஓராண்டு ஆடாமல் காத்திருந்தவர். டென்னசி அணிக்கு எதிராக 63-62 என வெற்றி தந்த கடைசி எறிதல் அவருடையது. ஓரிடத்தை விட்டுப் பிரிந்தது அவரைப் பொறுத்தவரை நட்புக்குத் திரும்பியதாயிற்று. பிரிவும் பற்றுறுதியும் எப்போதும் எதிரெதிரானவை அல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அந்த அணியின் ஆன்ம வழிகாட்டி, 1994 முதல் அப்பணியில் இருந்த அருட்சகோதரி ஜீன் டொலோரஸ் ஷ்மிட். 98 வயதில், சக்கர நாற்காலியில் அமர்ந்து, வீரர்களோடு செபித்து, அவர்களுடைய குறைகளையும் தயங்காது சுட்டிக்காட்டிய அவரை உலகமே அறிந்தது. வீரர்கள் பட்டம் பெற்றுச் சென்றனர். பயிற்றுநர் போர்ட்டர் மோசர் 2021-இல் ஒக்லஹோமாவுக்குச் சென்றார். அருட்சகோதரி அங்கேயே இருந்தார். 2025 அக்டோபரில், தம் 106-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். போனவர்களை அவர் பழித்ததாக நாம் கேட்டதில்லை. போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒரு வீடு இருக்கவேண்டுமானால், அங்கே எவராவது ஒருவர் நிற்கவேண்டும். அந்த ஒருவராக அவர் தம்மை ஆக்கிக்கொண்டார். நிற்பது அவருடைய கொடை. அதை அவர் பிறர்மேல் கடனாக எழுதவில்லை.

ஜெர்சி நகரத்துச் சிறிய கல்லூரி என்னவாயிற்று? 2024-இல் புதிய பயிற்றுநரோடும் புதிய முகங்களோடும் தன் பிரிவில் வென்று, அது மீண்டும் அதே தேசியப் போட்டிக்குச் சென்றது. முதல் ஆட்டத்திலேயே தோற்றது. வியப்பு எதுவும் நிகழவில்லை. ஆனால் கல்லூரி இருந்தது. 2022-இல் பிரிந்து சென்றவர்கள் என்றாவது ஒருநாள் திரும்பிவந்து அந்தக் கூடத்தின் வாயிலில் நிற்கக்கூடும். அப்போது 'எங்களை விட்டுப் போனாயே' என்று கேட்கும் கல்லூரி ஒன்று. 'வந்தாயா, உள்ளே வா' என்று அழைக்கும் கல்லூரி மற்றொன்று. ஊதாரி மைந்தனின் தந்தை வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அறிந்த நாம், நம் பள்ளிகளிலும் இல்லங்களிலும் பங்குகளிலும் இவ்விரண்டில் எதுவாக இருக்கிறோம் என்பதை நம்மையே கேட்டுக்கொள்வோமாக.